ஆடி மாதம் பார்லருக்கு வந்த பயிற்சிப் பெண்: நாள் முழுக்க என்ன வேலை கொடுப்பது?

கொங்குப் பகுதியில் ஒரு தாலுகா ஊரில் எட்டு வருடமாகப் பெண்கள் பியூட்டி பார்லர் நடத்தும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாடியில் கடை, கூட வேலைக்கு இரண்டு பெண்கள். பக்கத்திலிருக்கும் பயிற்சி மையம் ஒன்றில் அழகுக்கலை உதவியாளர் படிப்பு படிக்கும் 18 வயதுப் பெண்ணை ஒரு மாத வேலைப் பயிற்சிக்கு இவர் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்த நேரம், ஆடி பிறந்த வாரம். முகூர்த்தம் இல்லை, பிரைடல் புக்கிங் இல்லை, பகலில் த்ரெடிங்குக்கு ஒருவர் இருவர் வந்தால் பெரிது.

"காலையில கூட்டிப் பெருக்கி டவல் துவைச்சுப் போட்டா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடுது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து போன் பாக்குறா. எனக்கே பாக்க ஒரு மாதிரி இருக்கு" என்று எழுதுகிறார். சும்மா இருக்கிறாளே என்று பள்ளிக்கூடத்திலிருந்து பையனைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார், மதியச் சமையலுக்குக் காய் நறுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்து "எம்பொண்ணு உங்க கடையில என்னதான் கத்துக்கிறா?" என்று கேட்டது இவருக்கு வருத்தம். இதற்கு நடுவில் ஒரு நாள் இவர் வெளியே போயிருந்தபோது, சீனியர் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு கஸ்டமர் அவசரப்படுத்த, பயிற்சிப் பெண் ஐப்ரோ எடுத்துவிட்டாள். ஒரு பக்கம் மெலிந்துபோய், இமைக்கு மேலே தோலும் லேசாகக் கிழிந்துவிட்டது. அதிலிருந்து யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சீனியர் பெண்ணோ "இவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தா நாளைக்கு எதிர்லயே கடை போடுவா" என்கிறாராம்.

கேள்விகள் மூன்று. அவளைத் திருப்பி அனுப்பிவிடலாமா? அவளுக்குப் பணம் ஏதும் கொடுக்க வேண்டுமா, அப்ரண்டிஸ் என்று பதிவு செய்தால் அரசே பாதிப் பணம் தருமாமே? ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு பிரைடல் புக்கிங் இருக்கிறது, அதற்கு அவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போகலாமா?

திருப்பி அனுப்பாதீர்கள். முதல் பதில் அதுதான். உங்கள் கடிதம் முழுக்க "எப்படி பிஸியாக வைப்பது" என்ற கவலை ஓடுகிறது, ஆனால் அந்தப் பெண் வந்தது உங்கள் கடை வேலையைக் குறைக்க இல்லை, ஒரு தொழிலைக் கையில் வாங்கிக்கொண்டு போக. அப்படிப் பார்த்தால் கூட்டம் இல்லாத ஆடிதான் உங்களுக்கும் அவளுக்கும் கிடைத்த நல்ல நேரம். வைகாசியிலோ ஆவணியிலோ வந்திருந்தால் நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூட முடிந்திருக்காது. ட்ராலி தள்ளிக்கொண்டும் டவல் எடுத்துக்கொடுத்துக்கொண்டும் அந்த ஒரு மாதம் ஓடியிருக்கும். இப்போது பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை உங்கள் கை காலியாக இருக்கிறது. சொல்லிக்கொடுக்க நீங்கள் தேடினாலும் கிடைக்காத நேரம் அது.

போன் பார்க்கிறாள் என்ற வருத்தத்தையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். புது இடம், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தொட்டு ஒரு தப்பும் நடந்துவிட்டது, இனி கை வைக்காதே என்றும் சொல்லியாகிவிட்டது. 18 வயதுப் பெண் வேறு என்ன செய்வாள்? சோம்பேறி என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை இந்த வேலையில் நிறையப் பார்க்கிறேன், அவர்கள் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

இன்னொன்று, "உட்கார்ந்தே இருக்கிறாள்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள், கேரளா அதற்கு முன்பே கொண்டுவந்தது. கஸ்டமர் இல்லாத நேரம் உட்காருவது தப்பில்லை, அவளுக்கும் சரி, உங்கள் மற்ற இரண்டு பெண்களுக்கும் சரி.

முதலில் அவளுக்கென்று ஒரு பொறுப்பு

தினமும் புதுசு புதுசாக வேலை தேடிக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தான் அலுப்பு. அவளுடையது என்று இரண்டு விஷயத்தை ஒப்படைத்துவிடுங்கள். ஒன்று கருவிகளின் சுத்தம். இதை "கழுவிப்போடு" என்று சொல்லாமல் முறையாகச் சொல்லிக்கொடுத்தால் இதுவே ஒரு வாரப் பாடம். நிறையக் கடைகளில் யூவி பெட்டிக்குள் வைத்துவிட்டால் கிருமி போய்விடும் என்று நினைக்கிறார்கள். அழுக்கோடு உள்ளே போன கருவி அழுக்கோடுதான் வெளியே வரும், அந்தப் பெட்டி சுத்தம் செய்த கருவியை வைத்து எடுக்கத்தான் சரி. முதலில் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம் கிருமிநாசினியில் அதன் லேபிளில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஊற வைக்க வேண்டும். பெடிக்யூர் கருவிகளுக்கு முடிந்தால் ஆட்டோகிளேவ் (அழுத்தமான நீராவியில் கிருமியைக் கொல்லும் பாத்திரம்), 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம். பிளேடு ஒருவருக்கு ஒன்று, அப்புறம் குப்பைக்கு. வேக்ஸில் ஒரு தடவை தோலைத் தொட்ட ஸ்பாச்சுலா மறுபடி டப்பாவுக்குள் போகக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுமே ரத்தத்தின் வழியாகப் பரவுபவை, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கருவியில் இருந்தாலே போதும், இதை அந்தப் பெண்ணிடம் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தவள் நீங்கள் இல்லாத நாளிலும் சரியாகச் செய்வாள். அவளும் உங்கள் பெண்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள், மொத்தம் மூன்று டோஸ், முதல் ஊசி போட்டு ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அடுத்தவை.

இரண்டாவது, கஸ்டமர் கார்டு. உங்கள் கடையில் கார்டு வைத்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இல்லையென்றால் அவளை வைத்தே ஆரம்பியுங்கள். வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாலு கேள்வி கேட்டு எழுத வேண்டும். முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுகிறீர்களா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, டை அடித்து எப்போதாவது அரிப்பு வந்திருக்கிறதா, சுகர் இருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறீர்களா. கேட்க எளிமையாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆபத்து இருக்கிறது. ட்ரெட்டினாயின், அடாப்பலீன் மாதிரி பருவுக்கான கிரீம் போடுபவருக்கு வேக்ஸ் போட்டால் தோலும் சேர்ந்து உரிந்து வரும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தி ஆறு மாதம் வரை வேக்ஸ் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. சுகர் இருப்பவரின் காலில் பிளேடு வைத்துச் சுரண்டினால் அந்தப் புண் ஆறவே மாதக்கணக்கு ஆகலாம். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகினால் பேசக் கூச்சப்படும் பெண்ணுக்குப் பேச்சும் வரும், கஸ்டமருக்கும் அவள் முகம் பழகிவிடும். புதுப் பெண் தொடக்கூடாது என்று சொல்கிறவர்கள், தன்னிடம் பொறுமையாக விசாரித்த பெண்ணை ஹேர் வாஷுக்கு வேண்டாம் என்று சொல்வது குறைவுதான்.

ஆடியின் பகல் நேரத்துக்கு

டம்மி தலை ஒன்று வாங்கிவைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள், நிஜ முடி உள்ளதாகப் பார்த்து. சிந்தெடிக் முடியில் அயர்னிங் வைத்தால் உருகிவிடும். முதல் வாரம் பார்ட்டிங் எடுப்பது, ரோலர் சுற்றுவது, ட்ரையர் பிடிப்பது. ட்ரையரையும் பிரஷையும் இரண்டு கையில் ஒரே நேரத்தில் பிடிக்க வருவதற்கே நாலைந்து நாள் ஆகும், அதற்கு யாரும் குறுக்குவழி கண்டுபிடிக்கவில்லை. அடுத்து கொண்டை, ஜடை அலங்காரம், பூ வைத்துப் பின் குத்துவது.

ஹேர் கலருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஹேர் கட் செய்து கீழே விழும் நீள முடியைத் தூக்கிப் போடாமல் கழுவிக் காயவைத்து, விரல் தடிமனில் சின்னச் சின்னக் கற்றையாகக் கட்டச் சொல்லுங்கள். ட்யூபில் மிச்சமிருக்கும் கலரை அதில் போட்டுப் பார்க்கட்டும். 20 வால்யூம் டெவலப்பர் (கலரோடு கலக்கும் பெராக்சைடு கிரீம்) என்றால் 6 சதவீதம் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12 என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒரே கலரை மூன்று கற்றையில் மூன்று டெவலப்பரோடு போட்டு அட்டையில் ஒட்டி எழுதிவைத்தால் அவளுக்கு வாழ்நாளுக்கும் மறக்காது. அந்த அட்டையை நாளைக்குக் கஸ்டமருக்கு ஷேடு காட்ட நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிளவுஸ் இல்லாமல் இதைத் தொடவிடாதீர்கள், அளந்து கலக்கும்போது நீங்களோ சீனியரோ பக்கத்தில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முடியை நேராக்கும் ரீபாண்டிங் கிரீமும் கெராட்டினும் இந்த ஒரு மாதத்தில் அவள் கைக்கு வேண்டாம், பார்த்தால் போதும். கெராட்டின் அயர்ன் செய்யும்போது வரும் புகையில் ஃபார்மல்டிஹைடு இருக்கலாம், அறையைக் காற்றோட்டமாக வைப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பேட்ச் டெஸ்ட்டையும் இந்த மாதமே பழக்கிவிடுங்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ டையில் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் பார்ப்பது. டையில் இருக்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். பாக்கெட்டிலேயே அந்த எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அவளை எல்லா டப்பாவையும் எடுத்துப் படித்து, எது எப்போது திறந்தது, எது காலாவதி என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மதியம் போய்விடும், உங்கள் அலமாரியும் சுத்தமாகிவிடும்.

அப்புறம் புடவை. இப்போது ப்ரீ ப்ளீட்டிங், அதாவது கொசுவத்தை முன்கூட்டியே எடுத்து அயர்ன் செய்து பெட்டியில் மடித்துக் கொடுப்பதற்கு எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், சின்னக் கடைகளுக்கு நல்ல வருமானம் அதுதான். அவள் வீட்டிலிருந்து அம்மாவின் பழைய பாலியெஸ்டர் புடவை, காட்டன் புடவை இரண்டு கொண்டுவரட்டும், ப்ளீட் பிடித்து அயர்ன் செய்து பின் குத்தி மடிக்கட்டும், அது கை வந்த பிறகு பட்டு. கஸ்டமரின் பட்டுப் புடவையில் கற்றுக்கொள்ள விடக் கூடாது, சூடு கொஞ்சம் தாண்டினாலும் ஜரிகை போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஒரு மாத முடிவில் அவளுக்கு முழுசாகக் கை வந்திருக்க வேண்டிய ஒரே வேலை என்று இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பத்து வேலையைப் பாதிப் பாதி தெரிந்துகொண்டு போவதைவிட, ஒன்றை யார் துணையும் இல்லாமல் செய்யத் தெரிந்து போனால் மறுநாளே அவளால் சம்பாதிக்க முடியும்.

போன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ரீல்ஸ் எடுக்கத் தெரியும் என்றால் டம்மியில் செய்த ஜடையை, மடித்த புடவையை வீடியோ எடுத்து உங்கள் கடைப் பக்கத்துக்குப் போடச் சொல்லுங்கள். கஸ்டமர் முகம் அவர் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது, இந்தப் பெண்ணின் முகமும் அப்படித்தான். சீனியர் கை பழக அவளை மாடலாக உட்காரவைத்து பிளீச், ஃபேஷியல் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை ஆசையாக உட்கார்ந்திருப்பாள், சரி. அடுத்த தடவை கேட்டுவிட்டு, பேட்ச் டெஸ்ட் செய்துவிட்டு. கற்றுக்கொள்ள வந்தவள் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல மாட்டாள், அதனால் கேட்கும்போதே மறுக்க இடம் வைத்துக் கேளுங்கள்.

அந்த ஐப்ரோ விஷயம்

அவளுக்குக் கை வராது என்று இதை வைத்து முடிவு கட்டியிருக்கிறீர்கள். நடந்ததைப் பார்த்தால், கடையில் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவசரப்படுத்திய ஒருவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாமல் செய்திருக்கிறாள். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல், கஸ்டமர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்காமல் தளர்ந்திருந்தாலோ நூல் தொய்ந்திருந்தாலோ கிழியத்தான் செய்யும். அதனால் முதல் விதி, நீங்களோ சீனியரோ கடையில் இல்லாத நேரம் அவள் யாரையும் தொடக் கூடாது. "அக்கா பத்து நிமிஷத்துல வந்திடுவாங்க, உட்காருங்க" என்ற வாக்கியத்தை அவள் வாயால் நாலு தடவை சொல்லவைத்துப் பழக்குங்கள், கஸ்டமர் கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் அந்தத் தைரியத்தைக் கொடுத்தால்தான் அவள் மறுக்க முடியும்.

ஆனால் கையே வைக்கக் கூடாது என்ற தடையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பயம் உள்ளேயே தங்கிவிடும். முதலில் நூலை முழங்கால் மேல் வைத்துக் கையின் தாளம் வரும்வரை பழகட்டும். அப்புறம் தன் காலில், பிறகு சம்மதித்தால் உங்கள் கையில். பிறகு வடிவம் பார்க்கத் தேவையில்லாத நெற்றி. ஐப்ரோ கடைசி, அதுவும் பென்சிலால் நீங்கள் கோடு போட்டுக் கொடுத்து, வெளியே வளர்ந்ததை மட்டும் அவள் எடுத்து, வடிவத்தை நீங்கள் முடித்துவைப்பது. இதற்கு ஒத்துக்கொள்ளும் கஸ்டமர் கிடைப்பார்களா என்று கேட்பீர்கள். பயிற்சிப் பெண் செய்வாள், நான் பக்கத்தில் நிற்பேன், பாதிப் பணம் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள், கல்லூரிப் பெண்கள் சிலராவது வருவார்கள். சொல்லாமல் செய்வதுதான் தப்பு. நூலை வாயில் கடிப்பதற்குப் பதில் கழுத்தில் கட்டிச் செய்யும் முறையில் ஆரம்பத்திலேயே பழக்கினால் சுத்தத்துக்கும் நல்லது, பின்னால் மாற்றிக்கொள்வது கஷ்டம்.

காயம் பட்ட அந்தக் கஸ்டமருக்குப் போன் செய்தீர்களா? கடிதத்தில் இல்லை. செய்திருக்காவிட்டால் இன்றே செய்யுங்கள், புண் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். அது உங்கள் கடையில் நடந்தது, பொறுப்பு உங்களுடையது, அந்தப் பெண்ணைக் கைகாட்டாதீர்கள்.

ஹேர் வாஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. கூட்டம் வர ஆரம்பித்ததும் எல்லாக் கடையிலும் புதுப் பெண்ணை ஷாம்பு பேசினில் நிறுத்திவிடுவார்கள். நாள் முழுக்க ஈரத்திலும் ஷாம்புவிலும் இருக்கும் கை வறண்டு, வெடித்து, அரிப்பு வந்து, சிலருக்கு அது எக்ஸிமாவாக மாறித் தொழிலையே விடவைத்துவிடும். நைட்ரைல் கிளவுஸ் கொடுங்கள், ஒவ்வொரு வாஷுக்கும் பிறகு கையைத் துடைத்து மாய்ஸ்சரைசர் போடச் சொல்லுங்கள், மூன்று பேரும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

வீட்டு வேலையும் பணமும்

பையனைக் கூட்டிவருவதும் காய் நறுக்குவதும் நிறுத்த வேண்டியவை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, நம் ஊரில் சின்னப் பெண் வீட்டில் இருந்தால் இயல்பாகச் சொல்லிவிடுவோம். ஆனால் அவள் பயிற்சி மையத்தின் பொறுப்பில் உங்களிடம் வந்திருக்கிறாள், வழியில் ஒரு விபத்து என்றால் யார் பதில் சொல்வது? கடையைக் கூட்டுவதும் டவல் துவைப்பதும் தொழிலின் பாகம், அதை அவள் மட்டும் செய்யாமல் எல்லோரும் முறை வைத்துச் செய்தால் அதுவும் அவளுக்கு உறுத்தாது. அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அவரை ஒரு நாள் கடைக்கு வரச்சொல்லி, மகள் மடித்த புடவையைக் காட்டுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லவே வேண்டியிருக்காது.

சம்பளம் இல்லாதவள், அதனால் எந்த வேலையும் சொல்லலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் லேசாகத் தெரிகிறது. சம்பளம் இல்லை என்பதாலேயே நீங்கள் சொல்லக்கூடிய வேலை குறைகிறது. கற்றுக்கொடுக்காமல் ஒரு ஆளின் வேலையை வாங்கினால் அவளைத் தொழிலாளி என்றே பார்க்க வேண்டிவரும், குறைந்தபட்ச ஊதியக் கேள்வியும் கூடவே வரும். மையம் கொடுத்த கடிதத்தை எடுத்துப் படியுங்கள், உதவித்தொகை, நேரம், விபத்துக் காப்பீடு பற்றி அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அடிப்படை. அதில் பணம் பற்றி ஒன்றும் இல்லையென்றாலும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள் என்பது என் கருத்து. கஸ்டமர் பணம் கொடுக்கும் வேலையை அவள் முழுசாகச் செய்தால், உதாரணமாக ஒரு புடவையை மடித்துக் கொடுத்தால், அதில் ஒரு பங்கு அவள் கைக்குப் போகட்டும்.

அப்ரண்டிஸ் பதிவு வேறு விஷயம். 1961 தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பழகுநர் எடுப்பது கட்டாயம், 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். உங்கள் கடையில் வேலைக்கு இருப்பது இரண்டு பேர், எனவே இப்போதைக்கு அந்த வழி இல்லை. அரசு பாதிப் பணம் தரும் என்பதும் சரியில்லை. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசின் பங்கு உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல். ஒரு மாதம் முடிந்து அவளைப் பிடித்திருந்தால் நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம்.

அவளுக்கு 18 முடிந்திருக்கிறது என்று சான்றிதழைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குக் குறைந்த பெண் என்றால் வேலை நேரத்திலும் ரசாயனங்களிலும் கட்டுப்பாடு இன்னும் அதிகம், மண்டபப் பேச்சே எடுக்கக் கூடாது.

மண்டபத்துக்குக் கூட்டிப்போவது

18 முடிந்தவள் என்றால் கூட்டிப்போகலாம், போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன், பிரைடல் வேலை கடையில் கற்றுக்கொள்ளக் கூடியது இல்லை. ஆனால் அதிகாலை முகூர்த்தம் என்றால் நீங்கள் இரண்டு மூன்று மணிக்கே மண்டபத்தில் இருப்பீர்கள். அம்மாவிடமும் அவளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மையத்துக்கும் தெரிவியுங்கள். வீட்டிலிருந்து உங்கள் வண்டியிலேயே கூட்டிப்போய் வீட்டிலேயே விடுங்கள், தனியாக ஆட்டோவில் வரச்சொல்லாதீர்கள். அன்று மணப்பெண்ணைத் தொடும் வேலை வேண்டாம், பின் எடுத்துக் கொடுப்பது, பூ பிரிப்பது, பிரஷ் துடைப்பது, உறவுக்காரப் பெண்களுக்குப் புடவை கட்டுவது போதும். ராத்திரி முழுக்க விழித்த பிறகு மறுநாள் லீவு கொடுங்கள்.

மண்டபத்தில் போட்டோ எடுப்பவர், சமையல்காரர், மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் என்று எல்லோரும் இருப்பார்கள், அவளை உங்கள் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டத்தில் பயிற்சியில் இருப்பவர்களும் பணியாளர் என்றே வருகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்பதால் உங்களிடம் புகாரை விசாரிக்கும் உள்குழு இருக்காது, புகார் என்றால் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இதை முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போதாவது சொல்லுங்கள்.

எதிர்லயே கடை போடுவா என்ற பயம்

உங்கள் சீனியர் பெண்ணின் பயத்துக்குள் இருப்பது உங்கள் கடையைப் பற்றிய அக்கறை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். தன் இடத்துக்கு ஆபத்து வந்துவிடுமோ என்றும் இருக்கலாம். அவரைத் திட்டாதீர்கள். பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் ஒரு பாதியை அவரிடமே கொடுங்கள், ஜடையும் புடவையும் அவர் சொல்லிக்கொடுக்கட்டும், அந்த மாதத்துக்கு அவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுங்கள். நீங்களும் எங்கோ ஒரு கடையில் யாரிடமோ கற்றுக்கொண்டுதானே இன்று சொந்தமாக நிற்கிறீர்கள்? ஒரு மாதப் பயிற்சியில் யாரும் கடை போட்டுவிட முடியாது. ஆனால் முகூர்த்த நாளில் மூன்று புக்கிங் ஒன்றாக வரும்போது, நம்பிக் கூப்பிட உங்களுக்கு ஊரிலேயே ஒரு பழக்கப்பட்ட கை இருக்கும்.

பயிற்சி மையம் ஒரு பதிவேடு கொடுத்திருப்பார்கள், அதில் தினமும் அவள் செய்ததை அன்றன்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். செய்யாததைச் செய்ததாக மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக் கொடுக்காதீர்கள், அதை நம்பி அடுத்த கடைக்காரர் அவள் கையில் ரீபாண்டிங்கைக் கொடுத்தால் கஷ்டப்படப்போவது அவளும் ஒரு கஸ்டமரும். அந்தப் பெண்ணின் ஒரு மாதம் ஆவணி பிறப்பதற்குள் முடிந்துவிடும் போலிருக்கிறது, அதனால் இந்த வாரமே மையத்துக்குப் போன் செய்து, கடைசிப் பத்து நாளை ஆவணிக்குத் தள்ளித் தர முடியுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் புதுத் தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வருகைப் பதிவும் காப்பீடும் அந்தத் தேதிகளை வைத்துத்தான்.